தோட்டத்துத் திருவிழாவும் எக்கோப் பெட்டியும்

பசறை, மடுல்சீமை, நமுனுகுல, அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் ஒலிபெருக்கி இல்லாமல் திருவிழா நடப்பதில்லை. விடியற்காலைப் பக்திப் பாடல், பூசை நேர அறிவிப்பு, அன்னதானத்துக்கு அரிசி தந்தவர்களின் பெயர், கூட்டத்தில் தாயைத் தவறவிட்ட பிள்ளையின் விபரம், இரவில் இசைக்குழுவின் மேடை என்று எல்லாமே ஒரே மிக்சர் வழியாகத்தான் போகின்றன. அந்த மிக்சரில் உள்ள குமிழ்களில் ஒன்றின் பெயர் மட்டும் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். பாட வருகிறவர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு முதலில் சொல்வது, "தம்பி, எக்கோ கொஞ்சம் கூட்டுங்க" என்பதுதான். பாட்டு முடிந்து கோயில் தலைவர் அறிவிப்புச் செய்ய வரும்போது அதைக் குறைக்கச் சொல்ல யாருக்கும் தோன்றுவதில்லை. அவர் "மேல்கணக்கு ஆட்கள் முதலில் வரவும்" என்றாரா, "கீழ்க்கணக்கு" என்றாரா என்று தோட்டத்தின் அந்த இரண்டு பிரிவுக்காரரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

பாடகர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. வெட்டவெளியில் பாடும் குரலுக்குத் துணை கிடையாது. வாயிலிருந்து புறப்பட்ட ஒலி சரிவில் இறங்கிப் போய்விடும், திரும்பி வராது. தேயிலையின் இலையடர்த்தியும் அதன் அடியில் கிடக்கும் சருகும் தங்களிடம் வரும் ஒலியில், முக்கியமாகக் கூர்மையான பகுதியில், கணிசமானதை விழுங்கிவிடும். மண்டபத்துக்குள் பாடும்போது நிலைமை வேறு. நேராகக் காதுக்கு வந்த ஒலியின் பின்னாலேயே சுவரிலும் தரையிலும் கூரையிலும் பட்டுத் தெறித்த ஆயிரக்கணக்கான பிரதிகள் வந்து சேர்கின்றன. பிரித்து எண்ண முடியாதபடி நெருங்கி வருவதால் அவை ஒரே முழக்கமாகக் கேட்டு மெல்லத் தேய்ந்து மறையும். பள்ளிப் புத்தகத்தில் எதிர்முழக்கம் என்று படித்தது இதைத்தான். எக்கோப் பெட்டியின் முகப்பில் 'ரிவர்ப்' என்று எழுதியிருப்பதும் இதைத்தான். இரண்டு சுரங்களுக்கு இடையிலான வெற்றிடத்தை அது நிரப்புகிறது, குரலுக்கு நீளம் கொடுக்கிறது, சுருதி சற்று ஆடினாலும் வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்கிறது. திறந்த மைதானத்தில் இயற்கை தராத ஒன்றைத்தான் பாடகர் பெட்டியிடம் கேட்கிறார்.

எதிரொலி வேறு. எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவே, 1921இல் கட்டி முடித்த ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்கப் போகிறவர்கள் பக்கத்துச் சுரங்கப்பாதைக்குள் நுழைந்ததும் ஒரு கூவல் போடாமல் வெளியே வருவது அரிது. அங்கே கேட்பது எதிர்முழக்கம். சுற்றிலும் கல், சுவர்கள் கைக்கெட்டும் தூரத்தில். ஒலி சிதறிச் சிதறித் திரும்புகிறது. அதே கூவலை ஒரு பள்ளத்தாக்கின் இக்கரையில் நின்று அக்கரைப் பாறையை நோக்கிப் போட்டால், சற்றுப் பொறுத்து முழுக் கூவலும் ஒரே தடவை திரும்பி வரும். 20 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒலி ஒரு செக்கனுக்கு 343 மீற்றர் போகும். பாறை 170 மீற்றர் தள்ளி இருந்தால் போய்வர ஏறக்குறைய ஒரு செக்கன் ஆகும். ஒரு பிரதி எவ்வளவு பிந்தி வந்தால் காது அதைத் தனியாகப் பிரித்துக் கேட்கும் என்பதை ஜெர்மனியைச் சேர்ந்த ஹெல்முட் ஹாஸ் 1949இல் ஆராய்ந்தார். பேச்சுக்கு அந்த எல்லை ஏறத்தாழ 30 முதல் 50 மில்லிசெக்கன். அதற்குள் வருவதை மூளை முதல் ஒலியோடு சேர்த்துக்கொள்ளும். தாண்டி வருவதை இன்னொரு சத்தமாகக் கேட்கும். 50 மில்லிசெக்கனில் ஒலி 17 மீற்றர் போகிறது. இந்த 17 மீற்றர்க் கணக்கு பின்னால் நமக்குத் தேவைப்படும்.

எதிர்முழக்கத்தை அளக்கக் கற்றுக்கொடுத்தவர் வாலஸ் சபைன். 1895இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் புதிதாகக் கட்டிய ஃபாக் அருங்காட்சியக விரிவுரை மண்டபத்தில் பேசினால் ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஒலி ஐந்தரை செக்கன் அளவுக்கு நின்று முழங்கியது. இதைச் சரிசெய்யும் பொறுப்பு இளம் இயற்பியல் ஆசிரியரான சபைனிடம் வந்தது. அவர் பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை இரவில் கொண்டுவந்து அடுக்கி, ஓர் ஓர்கன் குழலை ஊதவைத்து, ஒலி அடங்கும் நேரத்தைக் குறித்துக்கொண்டே போனார். மண்டபத்தின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, ஒலியை விழுங்கும் பரப்பால் வகுத்தால் முழக்க நேரம் கிடைக்கும் என்பது அந்த இரவுகளின் விளைவு. முழக்க நேரம் என்பது ஒலியின் ஆற்றல் பத்து இலட்சத்தில் ஒரு பங்காகக் குறைய எடுக்கும் நேரம்.

இந்தச் சூத்திரத்தை நம் தோட்டத்துப் பொது மண்டபத்தில் போட்டுப் பார்க்கலாம். 20 மீற்றர் நீளம், 10 மீற்றர் அகலம், நாலரை மீற்றர் உயரம் என்று வைப்போம். கன அளவு 900. சுவர், தரை, கூரை எல்லாம் சேர்ந்து 670 சதுர மீற்றர். பூச்சுச் சுவரும் சீமெந்துத் தரையும் கூரைத் தகடும் தம்மேல் விழும் ஒலியில் நூற்றுக்கு ஐந்து பங்குதான் விழுங்கும் என்று கொண்டால், விழுங்கும் பரப்பு 33 சதுர மீற்றர் சொச்சம். முழக்க நேரம் நாலு செக்கனுக்கு மேலே. அதே மண்டபத்தில் 150 பேர் வந்து உட்கார்ந்ததும், ஆளுக்கு அரைச் சதுர மீற்றருக்குச் சற்றுக் குறைவாக உடலும் உடையும் விழுங்க, முழக்கம் ஒன்றரை செக்கனுக்கு இறங்கிவிடும். கூட்டம் வருமுன் வெறும் மண்டபத்தில் ஒலியைச் சரிபார்த்துவிட்டு, "காலையில் வேற மாதிரி இருந்திச்சே" என்று தலையைச் சொறிவதன் காரணம் இதுதான். இன்னொன்றும் தெரிகிறது. தகரக் கூரை மண்டபத்துக்குள் எக்கோப் பெட்டிக்கு ஒரு வேலையும் இல்லை. மண்டபமே தேவைக்கு மேல் போட்டுவிடுகிறது.

பெட்டி வருவதற்கு முன் ஒலிப்பதிவுக்காரர்கள் உண்மையான அறைகளைத்தான் நம்பினார்கள். 1947இல் சிக்காகோவில் பில் புட்னம் குளியலறையில் ஒரு ஒலிபெருக்கியையும் ஒரு மைக்கையும் வைத்து, அங்கே முழங்கியதை இசைத்தட்டில் கலந்தார். 1957இல் ஜெர்மனியின் இஎம்டி நிறுவனம் ஏறத்தாழ இரண்டு மீற்றர் நீள மெல்லிய உருக்குத் தகட்டைச் சட்டத்தில் தொங்கவிட்டு அதிரச் செய்தது. அதைத் தூக்கப் பல ஆட்கள் வேண்டும். 1960களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுக்கூடத்தில் மன்ஃபிரட் ஷ்ரோடர், அறையும் தகடும் இல்லாமல் கணக்கினாலேயே முழக்கத்தை உண்டாக்க வழி சொன்னார். வந்த ஒலியைச் சில பத்து மில்லிசெக்கன் தாமதித்து, சற்றுக் குறைத்து, திரும்பத் தன்னோடு சேர்க்க வேண்டும். வேறு வேறு தாமதம் கொண்ட நாலு சுற்றுக்களை இப்படி ஓடவிட்டு, வெளிவருவதை இன்னும் இரண்டு கட்டங்களில் சிதறடித்தால், செக்கனுக்கு ஆயிரம் பிரதிகள் வரை நெருக்கமாக எழும். அந்த அளவில் காது ஏமாந்துவிடும். 1976இல் இஎம்டி 250 என்ற முதல் டிஜிட்டல் பெட்டி கடைக்கு வந்தது. 1985இல் யமஹா எஸ்பிஎக்ஸ் 90 வந்த பிறகு சாதாரண இசைக்குழுக்களும் ஒன்றை வாங்க முடிந்தது. இன்று சிறு மிக்சர்கள் பலவற்றின் உள்ளேயே அந்தக் கணக்கு ஓடுகிறது.

தனிப் பெட்டியை மிக்சரோடு எப்படி இணைப்பது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். மைக் வயரை முதலில் பெட்டிக்குள் விட்டு, அங்கிருந்து மிக்சருக்குக் கொண்டுபோவது ஒரு வழக்கம். அப்படிச் செய்தால் குரல் முழுவதும் பெட்டியைக் கடந்தே ஆகவேண்டும். பெட்டி பழுதானால் குரலும் போய்விடும். மற்ற மைக்குகளுக்கு எக்கோ கிடைக்காது. சரியான வழி ஆக்ஸ். மிக்சரின் ஒவ்வொரு சேனலிலும் கெயின், ட்ரெபிள், பேஸ் குமிழ்களுக்குக் கீழே, சத்தத்தை ஏற்றியிறக்கும் ஃபேடருக்கு மேலே, 'ஆக்ஸ்' அல்லது 'எஃப்எக்ஸ்' என்று ஒரு குமிழ் இருக்கும். பீலியில் ஓடும் தண்ணீரை மறிக்காமல் பக்கத்தில் ஒரு குழாய் வைத்துக் கொஞ்சம் பிரித்தெடுப்பதுபோல அது வேலை செய்கிறது. குரல் தன் பாட்டில் நேரே ஒலிபெருக்கிக்குப் போகும். அதில் ஒரு பிரதி மட்டும் பெட்டிக்குப் போகும். எட்டுச் சேனலுக்கும் ஒரே பெட்டி போதும். பாடகருக்கு அதிகம், புல்லாங்குழலுக்குக் கொஞ்சம், அறிவிப்பாளருக்கு ஒன்றுமே இல்லை என்று ஆளுக்கொரு அளவாகப் பிரித்துக் கொடுக்கலாம்.

வயரிங் இப்படி. மிக்சரின் பின்புறத்திலோ மேற்புறத்திலோ 'ஆக்ஸ் சென்ட்' என்ற துளை இருக்கும். அதிலிருந்து கால் அங்குல ஜாக் போட்ட வயரைப் பெட்டியின் இடது உள்ளீட்டுக்குக் கொடுக்க வேண்டும். இரண்டு உள்ளீடு இருந்தாலும் பெரும்பாலான பெட்டிகளில் 'மோனோ' என்று எழுதிய அந்த ஒன்றே போதும். பெட்டியின் இடது, வலது வெளியீடுகள் இரண்டையும் மிக்சரின் ஸ்டீரியோ ரிட்டர்னுக்கோ, மிச்சமிருக்கும் இரண்டு சேனல்களுக்கோ கொண்டுவர வேண்டும். சேனலுக்குக் கொண்டுவருவது எனக்குப் பிடித்த முறை. அங்கே ட்ரெபிள், பேஸ் குமிழ்கள் கிடைக்கின்றன, விரலுக்கு எட்டும் இடத்தில் ஃபேடரும் மியூட் பொத்தானும் கிடைக்கின்றன. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. எக்கோ திரும்பி வரும் அந்தச் சேனல்களின் ஆக்ஸ் குமிழ் பூச்சியத்தில் இருக்க வேண்டும். சற்றுத் திறந்தாலும் எக்கோ மறுபடி பெட்டிக்குப் போய், பெட்டியிலிருந்து மறுபடி வந்து, சுற்றிச் சுற்றிப் பெருகி ஊளையிடத் தொடங்கிவிடும்.

பெட்டியில் 'மிக்ஸ்' என்றோ 'வெட்', 'டிரை' என்றோ ஒரு குமிழ் இருக்கும். ஆக்ஸ் வழியாக இணைத்தால் அதை முழுவதும் 'வெட்' பக்கம், நூற்றுக்கு நூறுக்குத் திருப்பிவிட வேண்டும். காரணம் எளிது. நேர்க்குரல் ஏற்கெனவே மிக்சரில் இருக்கிறது. பெட்டியும் அதே நேர்க்குரலை அனுப்பினால், உள்ளே டிஜிட்டலாக மாற்றித் திருப்பும்போது ஒரு மில்லிசெக்கன் அளவில் பிந்தும். ஒரு மில்லிசெக்கன் பிந்திய பிரதியை மூலத்தோடு சேர்த்தால் 500 ஹேர்ட்ஸ், 1500, 2500 என்று வரிசையாகச் சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். குரல் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் ஒலிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மைக்கைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஆக்ஸ் குமிழ் ஃபேடருக்குப் பின்னாலிருந்து எடுக்கிறதா, முன்னாலிருந்து எடுக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். சில மிக்சர்களில் இதற்கென ஒரு சிறு பொத்தான் உண்டு. எக்கோவுக்கு எப்போதும் ஃபேடருக்குப் பின்னாலிருந்துதான் எடுக்க வேண்டும். முன்னாலிருந்து எடுத்தால் பாடகரின் ஃபேடரை முழுவதும் இறக்கிய பிறகும் எக்கோ மட்டும் தனியே கேட்டுக்கொண்டிருக்கும். முன்னாலிருந்து எடுக்கும் ஆக்ஸ் மேடையில் பாடகருக்கு எதிரே வைக்கும் மொனிட்டர் பெட்டிக்கு உரியது. அந்த மொனிட்டரில் எக்கோ போடாமல் இருப்பதே நல்லது. எக்கோ சேரும் ஒவ்வொரு ஒலிபெருக்கியும் மைக்குக்குத் திரும்பிப் போகும் சத்தத்தைக் கூட்டுகிறது. பீட்பேக் கூவுவதற்கு அது அரைவாசி வழியைத் திறந்துவிடும்.

அளவுப் பொருத்தம் இன்னொன்று. மேடை மிக்சர்கள் வேலை செய்யும் வழக்கமான அளவு 1.23 வோல்ட். வீட்டுக் கருவிகளின் அளவும், சில சிறு பெட்டிகள் எதிர்பார்க்கும் அளவும் 0.316 வோல்ட். நாலு மடங்கு பெரிதாக வருவதை அப்படிப்பட்ட பெட்டி தாங்காமல் உடைத்துவிடும். எக்கோவில் மட்டும் கரகரப்பு வரும். பின்புறத்தில் +4, −10 என்று ஒரு சுவிட்ச் இருந்தால் மிக்சருக்கு ஏற்றபடி தள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஆக்ஸ் சென்டின் பொதுக் குமிழைக் குறைத்து, பெட்டியின் சிவப்பு விளக்கு எப்போதாவது கண்சிமிட்டும் அளவில் நிறுத்தலாம். 50 ஹேர்ட்ஸ் இரைச்சல், அதாவது 'ம்ம்ம்' என்ற அடித்தொனி வந்தால், மிக்சரும் பெட்டியும் வேறு வேறு பிளக்கிலிருந்து கரண்ட் எடுக்கின்றனவா என்று பாருங்கள். ஒரே பலகையிலிருந்து இரண்டுக்கும் கொடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். எர்த் வயரை வெட்டி இரைச்சலை நிறுத்துவது உயிருக்கு ஆபத்து. மழை பெய்த புல்தரையில் வெறுங்காலோடு நின்று மைக் பிடிப்பவரின் பாதுகாப்பு அந்த ஒற்றை வயரில்தான் இருக்கிறது.

அளவுகளுக்கு வருவோம். மெதுவான பக்திப் பாடலுக்கு இரண்டு செக்கன், விறுவிறுப்பான சினிமாப் பாட்டுக்கு ஒரு செக்கன் சொச்சம் என்ற முழக்க நேரம் திறந்த வெளியில் அழகாக இருக்கும். 'பிரீ டிலே' என்ற குமிழை 20 முதல் 40 மில்லிசெக்கனில் வையுங்கள். நேர்க்குரல் முதலில் வந்து சொல்லை விளங்கவைக்கும். முழக்கம் சற்றுப் பிந்தித் தொடரும். திரும்பி வரும் சேனலில் பேஸ் குமிழை நன்றாகக் குறைத்துவிட வேண்டும். அடித்தொனி முழங்கினால் எல்லாம் சேறாகிவிடும். தப்பு மேளத்துக்கு எக்கோ வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து. மாசியில் காமன் கூத்து ஆடும்போது ஆட்டக்காரரின் கால் தப்பின் அடியில்தான் நிற்கிறது. அடிக்கும் அடிக்கும் இடையிலுள்ள மௌனம்தான் அந்த வாத்தியத்தின் உயிர். அதை முழக்கத்தால் நிரப்பினால் வேகமான அடிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

இனி அந்த 17 மீற்றர். தோட்டங்களில் மேடைப் பெட்டிகள் போதாமல், லயத்துப் பக்கம் ஒரு மரத்திலும் பாதையோரத்தில் இன்னொன்றிலும் கூம்பு ஒலிபெருக்கிகளைக் கட்டுவது வழக்கம். மின்சாரம் வயரில் கணத்தில் ஓடிவிடுவதால் எல்லாக் கூம்புகளும் ஒரே நேரத்தில் பேசும். 100 மீற்றர் தள்ளியுள்ள கூம்பின் கீழே நிற்பவருக்கு அது உடனே கேட்கும். மேடையின் சத்தம் 290 மில்லிசெக்கன் பிந்தி வரும். எதிர்ச்சரிவில் பாறை இருந்தால் மூன்றாவதாக ஒன்றும் வரும். பெட்டியை நிறுத்தினாலும் இந்த எக்கோ போகாது. பலரும் பெட்டியைத் திட்டுவது இதற்காகத்தான். இதற்கு மருந்து, தூரத்துக் கூம்புகளுக்குப் போகும் ஒலியை டிலே கருவியால் தூரத்துக்கேற்பத் தாமதிப்பது. 100 மீற்றருக்கு 290 மில்லிசெக்கன். கருவி இல்லையென்றால் கூம்புகளைக் குறைத்து, எல்லாவற்றையும் மேடைக்கு அருகிலிருந்து ஒரே திசையில் திருப்பிக் கட்டலாம். ஊவாவில் ஆடித் திருவிழாவுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. ஜூலை முதல் செப்டெம்பர் வரை அடிக்கும் வறண்ட காற்றுதான் ஊவாத் தேயிலைக்கு அதன் பெயர்பெற்ற வாசத்தைத் தருகிறது. அதே வறண்ட காற்று உயர்ந்த அதிர்வெண்களை ஈரக் காற்றைவிட அதிகமாக விழுங்குகிறது. 'ச', 'த', 'ற்ற' போன்ற ஒலிகளின் கூர்மை முதலில் குறைகிறது. அவற்றின்மேல் எக்கோவையும் போட்டால், தூரத்து லயத்துக்குப் போய்ச் சேர்வது வெறும் உயிரெழுத்துக்களின் ஓசைதான்.

பேசும் ஒருவர் செக்கனுக்கு நாலைந்து அசைகள் உச்சரிக்கிறார். இரண்டரை செக்கன் முழக்கம் போட்டால் ஒவ்வொரு அசையின்மேலும் முந்திய பத்து அசைகளின் மிச்சம் படிந்திருக்கும். பாட்டில் அது பரவாயில்லை, வரிகள் முன்பே தெரிந்தவை. அறிவிப்பில் கேட்பவர் முதல் தடவையாகக் கேட்கிறார். அது உயிரைக் காக்கும் அறிவிப்பாகவும் இருக்கலாம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயன்களை மூடியது. ஆபத்தான இடம் என்று முன்பே சொல்லப்பட்டிருந்த இடம் அது. அந்த அழிவுக்குக் காரணங்கள் பல. ஒலிபெருக்கி அவற்றில் ஒன்றல்ல. ஆனால் மழைநாட்களில் எழும்பி வெளியேறச் சொல்லும் அறிவிப்பை ஒரு தோட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் கேட்கவைக்கக்கூடிய கருவி, பல இடங்களில் கோயிலில் உள்ள அந்த ஒலிபெருக்கிதான். அதில் போகும் ஒரு சொல்லும் குழம்பக் கூடாது.

மிக்சர் பிடிக்கும் தம்பிமாருக்கும் கோயில் நிர்வாக சபைக்கும் ஒரு வேண்டுகோள். அறிவிப்புக்கென்று ஒரு மைக்கை, ஒரு சேனலை ஒதுக்குங்கள். அந்தச் சேனலின் ஆக்ஸ் குமிழைப் பூச்சியத்துக்குத் திருப்பி, யாரும் தொடாதபடி மேலே ஒரு டேப் ஒட்டிவிடுங்கள். பாடகரின் மைக்கையே வாங்கி யாராவது பேசத் தொடங்கினால், எக்கோ திரும்பி வரும் சேனலின் மியூட் பொத்தானை அழுத்துங்கள். பாட்டு தொடங்கும்போது எடுத்துவிடலாம். அதற்குப் புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை.